அரியாங்குப்பம் கடலூர் சாலைக் கடைக்காரர்களுக்கு



சாலையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் பொதுப்பணித் துறைக்கு எழுதுவார்கள். போக்குவரத்துக் காவலுக்கு எழுதுவார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. நம் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். 38 ஆண்டு இடைவெளி. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றுபோனது. ஆகவே நம் கொம்யூன் பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினர் என்று தெருவில் நிறுத்திக் கேட்க ஒருவரும் கிடையாது. இந்த நிலைமையில் சாலையோரம் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதில் செல்வாக்கு உள்ள ஒரே கூட்டம் நீங்கள்தான். ஆக்கிரமிப்பு எடுக்க ஜேசிபி வரப்போகிறது என்று பேச்சு எழுந்தால் எந்த ஊரிலும் வியாபாரிகள் கூடுகிறார்கள், மனு போகிறது, அவகாசம் கிடைக்கிறது. நடந்து போகிறவர்களுக்குச் சங்கம் இல்லை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூர் சாலையில் நம் ஊர்ப் பகுதியைத் திருத்தி அமைக்க வேண்டும். இரு பக்கமும் தடையில்லாத நடைபாதை, சைக்கிளுக்கு இடம், சாலையைக் கடப்பவர் நடுவில் நின்று போக ஒரு திட்டு, வண்டிகளின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள். இதை நீங்கள் எதிர்க்காமல் இருந்தால் மட்டும் போதாது. நீங்களே முன்னின்று கேட்க வேண்டும். ஊருக்கு உபகாரமாக அல்ல, உங்கள் வியாபாரத்துக்காக.

வரைபடத்தில் இது சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 32. பழைய ஆட்களுக்கு 45ஏ. நெடுஞ்சாலைப் பொறியாளர் பார்வையில் மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம் எல்லாம் கடந்து போக வேண்டிய கிலோமீட்டர் கற்கள். நமக்கு இது கடைத்தெரு. மளிகையும் மருந்தும் மீனும் இங்கேதான். மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் வீராம்பட்டினம் பக்கம் திரும்புகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் இதே சாலையில்தான். சனி, ஞாயிறு வந்தால் சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போகும் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். ஒரே தார்ச் சாலை கடலூர் பஸ்ஸுக்கு ஓடுபாதையாகவும், பால் பாக்கெட் வாங்க வரும் பாட்டிக்கு வாசலாகவும் இருக்க முடியாது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் விட்டுக்கொடுத்தது பாட்டிதான்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை புதுச்சேரி நகரத்தைத் தொடாமல் மேற்கே விலகி, பாகூர் பக்கமாகக் கடலூருக்குப் போகிறது. சிதம்பரம், நாகப்பட்டினம் போகிற நெடுந்தூர லாரிக்கு நம் கடைத்தெரு இனி தவிர்க்க முடியாத வழி இல்லை. நெடுஞ்சாலை என்ற பட்டத்தை அந்தச் சாலைக்குக் கொடுத்துவிட்டு, இதை ஊர்ச் சாலையாக மீட்டுக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் கருத்துக்கு இடமில்லை, கணக்குதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும். குறுக்கே ஒருவர் வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும். 30 கிலோமீட்டரில் வருபவர், அந்த ஒரு வினாடியையும் சேர்த்து, 13 மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடுவார். 50இல் வருபவர் அதே 13 மீட்டரில் இன்னும் பிரேக்கை மிதிக்கக்கூட ஆரம்பித்திருக்க மாட்டார். வண்டி முழு வேகத்தில்தான் இருக்கும். இவ்வளவும் காய்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டிக்கு. ஐப்பசி மழையில், தேய்ந்த டயரோடு வரும் ஷேர் ஆட்டோவுக்கு என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இவர்களில் நடந்து போனவர்கள் 32,825. இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897. சைக்கிளில் போனவர்கள் 4,836. கூட்டிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். அதே மூன்று கூட்டம்தான்.

ஹெல்மெட் போடச் சொல்கிறார்களே, போதாதா என்று கேட்பீர்கள். ஹெல்மெட் வேண்டும்தான். 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தெருவில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தியதும், அன்றைய முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ரகளையில் இந்த யூனியன் பிரதேசமே தலைக்கவசத்தைப் பற்றிப் பேசியது. நடந்து போகிறவர் கால் வைக்க ஓர் அடி இடம் உண்டா என்று அன்றைக்கு ஆளும் தரப்பும் கேட்கவில்லை, எதிர்த்தரப்பும் கேட்கவில்லை. ஹெல்மெட் அபராதத்துக்கு ஒரு ரசீதுப் புத்தகம் போதும். நடைபாதைக்குச் சாலையை மாற்ற வேண்டும். அதற்கு உங்களைக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் எனக்குத் தெரியும். கடை முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விடுவார் என்பதே அது. உலகம் முழுக்கக் கடைக்காரர்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள். பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 22 பேர் என்றார்கள். வாங்க வந்தவர்களையே கேட்டபோது 7 பேர்கூடத் தேறவில்லை. இன்னொரு கேள்வியில் கடைக்காரர்கள் இன்னும் மோசமாகத் தவறியிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருந்து வாங்க வருகிறவர்கள் நூற்றுக்கு 13 பேர் இருக்கலாம் என்று நினைத்தார்கள். உண்மையில் பாதிக்கு மேல். காரில் கடைக்கு வரும் முதலாளிகள்தான் வாடிக்கையாளரும் காரில் வருவதாக அதிகம் நினைத்துக்கொண்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சாலையிலும் காலையில் ஷட்டர் தூக்கியதும் கடை முன்னால் முதலில் நிற்கிற வண்டி யாருடையது?

பெர்லின் வேறு, அரியாங்குப்பம் வேறு. அங்கேயே இப்படி என்றால், கார் வைத்திருப்பவர்கள் எவ்வளவோ குறைவாக இருக்கும் நம் ஊரில் எப்படி இருக்கும்? மணவெளியிலிருந்தும் காக்காயந்தோப்பிலிருந்தும் வருகிறவர் நடந்தோ சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வருகிறார். ஒரு கார் நிற்கப் பன்னிரண்டு சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த இடத்தில் ஐந்தாறு ஸ்கூட்டர் நிற்கும், பத்து சைக்கிள் நிற்கும். ஒரு காரில் வந்தவர் உள்ளே போய் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கடையின் முகம் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் கார் உங்கள் வாடிக்கையாளருடையதுதானா என்பதும் நிச்சயமில்லை; எதிர்க்கடைக்கு வந்தவருடையதாக இருக்கலாம்.

நடக்கிற கூட்டம் கல்லாவுக்கு என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் வருகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். அன்றைக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சனம் நடந்துதான் போகிறது. அன்றைக்கு நொந்துபோன கடைக்காரர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. நடைபாதை என்று நம் சாலையோரம் இருப்பதைப் பெரும்பாலும் வாய்க்கால் மேல் போட்ட பலகைக் கல் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் முழங்கால் உயரம், அடுத்த கடை முன் சரிவு, அதற்கடுத்து கல்லே இல்லாத பள்ளம். அதன் மேல் ஒரு கடையின் ஃப்ரிட்ஜ், அடுத்த கடையின் போர்டு, மூன்றாவது கடையின் சிமென்ட் மூட்டை, கம்பிக் கட்டு. சிமென்ட் சரிவு போட்டு வண்டி ஏற்றிக்கொள்கிறவர் வாய்க்காலையும் சேர்த்து அடைக்கிறார். கார்த்திகை மழையில் தண்ணீர் கடைக்குள் வந்தால் அரசாங்கத்தைத் திட்டுகிறார். இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டுதலின்படி குடியிருப்புப் பகுதியில் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உயரத்தைப் பற்றிய விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூட்டு வலிக்காரருக்கு ஒன்றரை அடி ஏறி இறங்கும் நடைபாதையைவிடச் சாலையே மேல். அதனால்தான் அவர் சாலையில் நடக்கிறார். நடைபாதை இருந்தும் இறங்கி நடக்கிறார்களே என்று அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கடைக்கு முன்னால் நிழல் போட்டு நடப்பவருக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதியது ஒன்றும் இல்லை. புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணைக்கு வெளியே, தெருப் பக்கமாக, மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம் இருக்கும். வீட்டுக்காரர் காசில் கட்டியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவது வழிப்போக்கர். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியில் அந்தத் தாழ்வாரங்களை மீட்டுக் கட்டிய பிறகு தெருவின் முகமே மாறியது. உங்கள் தகரக் கூரையும் ஒரு வகையில் தாழ்வாரம்தான். கூரை இருக்கட்டும், அதன் அடியில் இருக்கிற சரக்கை உள்ளே எடுங்கள்.

சென்னைப் பாண்டி பஜாரில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். (நம் பாண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்தது.) அந்த பஜார் இருக்கும் சர் தியாகராயா சாலையில் வண்டி நிறுத்துவதை ஒழுங்குபடுத்தி நடைபாதையை அகலமாக்கப் போகிறோம் என்றபோது அங்கேயும் வணிகர்கள் முகம் சுளித்தார்கள். முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வண்டியே கூடாது என்ற பேச்சு, வண்டியும் போகட்டும், ஆனால் நடப்பவருக்கே பெரும்பங்கு என்று மாறியது. 2019 நவம்பரில் திறந்தார்கள். பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள். இன்று மாலையில் போனால் குழந்தைகளோடு குடும்பங்கள் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருக்கின்றன. உட்காருகிறவர் பசிக்கு ஏதாவது வாங்குவார். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். உடைந்த தடுப்புத் தூண்களையும், நடைபாதையில் ஏறி நிற்கும் பைக்குகளையும் அங்கே பார்க்கலாம். கட்டுவதற்குக் கிடைத்த பணமும் கவனமும் பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதைக் கல் பதிப்பதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் சிங்கப்பூர். அங்கே முதியவர்கள் அதிகம் வாழும் பேட்டைகளில் 2014 முதல் 'சில்வர் ஸோன்' அமைக்கிறார்கள். ஓடுபாதையைக் குறுக்குகிறார்கள், நேர்க்கோட்டை லேசாக வளைக்கிறார்கள், சாலை நடுவில் திட்டு வைக்கிறார்கள். முதியவர் பாதிச் சாலையைக் கடந்து திட்டில் நின்று மூச்சு விட்டு மறுபாதியைக் கடக்கலாம். ஓட்டுபவரிடம் மெதுவாகப் போ என்று கெஞ்சத் தேவையில்லை. சாலையின் வடிவமே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அகலமாகவும் நேராகவும் சாலையைப் போட்டுவிட்டு, ஓரத்தில் '30' என்று போர்டு வைத்தால் எந்த ஓட்டுநரும் மதிக்க மாட்டார். இராத்திரி பதினோரு மணிக்கு நம் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரில் 2021 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான தெருக்களில் 30தான் உச்சவேகம். அவர்கள் விட்டுப்போன தெருப் பெயர்களைப் பூப்போலப் பாதுகாக்கிறோம். இதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

கடற்கரைச் சாலையை ஏன் சொல்லவில்லை என்று நினைக்கலாம். அங்கே மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் போகாது, ஊரே நடக்கிறது. ஆனால் அது உலாவப் போகிற சாலை. நம்முடையது பிழைக்கப் போகிற சாலை. வண்டியை முழுக்க நிறுத்த நான் கேட்கவில்லை. கடலூர் பஸ் போகட்டும், ஆம்புலன்ஸ் போகட்டும். உங்கள் சரக்கு லாரிக்கும் இடம் வேண்டும். விடியற்காலையிலும் கடை மூடிய பிறகும் இறக்கிக்கொள்ள இரண்டு கடைத்தொகுதிக்கு ஓர் இறக்குமிடம் குறித்துவிட்டால் நடுப்பகலில் சாலையை மறிக்கத் தேவையிருக்காது. இருசக்கர வாகனங்களுக்கு மரங்களுக்கு இடையே கட்டம் கட்டிக் கொடுக்கலாம். சைக்கிளுக்குப் பாதை தனியாகப் போட அகலம் இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைப்பதே சைக்கிளுக்குச் செய்யும் பெரிய உதவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிப் போகச் சாலை கொடுக்கவில்லை. பாதிப் பெற்றோர் அந்த சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார்கள். பள்ளி விடும் நேரத்து நெரிசலில் ஒரு பங்கு அந்த ஸ்கூட்டர்கள்தான்.

இன்னொன்று. நடைபாதை என்றதும் உங்களில் சிலர் மீன் விற்கும் அம்மாக்களையும் பூக்காரர்களையும் கை காட்டுவீர்கள்: "முதலில் அவர்களை எடுக்கச் சொல்லுங்கள்." இதை நான் ஏற்கவில்லை. வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வருகிற அம்மாவிடம் மீன் வாங்க வருகிறவர்தான் அப்படியே உங்களிடம் புளியும் மிளகாயும் வாங்குகிறார். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. புதிய நடைபாதையின் வரைபடத்திலேயே அவர்களுக்குத் தண்ணீர்க் குழாயோடும் கழிவுநீர்ப் போக்கோடும் இடம் குறிக்க வேண்டும். கடைக்குள் இடம் வைத்துக்கொண்டு வெளியேயும் பரப்புகிறவரையும், வெளியே மட்டுமே இடம் உள்ளவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

சட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலையில் நொறுங்கி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் இன்னொரு படி போய், நடப்பவர்கள் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் ஆறு மாதத்துக்குள் விதிகள் இயற்ற மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, தரமில்லாமல் சாலை வடிவமைத்து உயிர் போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே என்றாவது ஒருநாள் இந்தச் சாலையோரம் காலியாகத்தான் போகிறது. ஜேசிபி வந்து ஒரே இரவில் காலியாக வேண்டுமா, நீங்கள் உட்கார்ந்து பேசிய வரைபடத்தின்படி காலியாக வேண்டுமா என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது மூன்று காரியம். முதலில், ஒரு வாரம் கல்லா மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர் நடந்து வந்தாரா, சைக்கிளா, பைக்கா, பஸ்ஸா, காரா என்று ஒரு கோடு போடுங்கள். எவ்வளவுக்கு வாங்கினார், வாரத்தில் எத்தனை முறை வருகிறார் என்றும் முடிந்தால் குறியுங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் நோட்டை நம்புங்கள்.

அடுத்து, அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு நீங்களே பொதுப்பணித் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கும் கொம்யூன் ஆணையருக்கும் போங்கள். நூறு மீட்டர் நீளத்துக்கு, ஒரு மாதத்துக்கு, சோதனையாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோடு, மணல் நிரப்பிய டிரம், கயிறு, இரண்டு ஜீப்ரா கோடு, நடுவில் ஒரு தற்காலிகத் திட்டு. இதற்குக் கோடிகள் வேண்டாம். கடைக்காரர்களே கேட்டு வந்தால் எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார். அவர் தயங்குவதெல்லாம் உங்களை நினைத்துத்தான். மாதம் முடிந்து வியாபாரம் படுத்துவிட்டது என்று உங்கள் பில் புத்தகம் சொன்னால் டிரம்மை எடுத்துவிடலாம்.

மூன்றாவது காரியத்துக்கு எந்த அனுமதியும் வேண்டாம். நாளைக் காலை ஷட்டரைத் தூக்கும்போது, உங்கள் வண்டியைப் பின் தெருவில் நிறுத்துங்கள். வாய்க்கால் கல்லுக்கு மேலே இருக்கிற போர்டையும் மூட்டையையும் உள்ளே எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
நடந்து வந்து வாங்கும் உங்கள் வாடிக்கையாளன்,
அரியாங்குப்பம்.